நன்றாக ஆடுகிறவனோடு பணம் வைத்து ஆட யார் வருவார்கள்?

மார்ச் 4

ஒரு நண்பர் கேட்டது: “அமெரிக்காவில் பழைய பில்லியர்ட்ஸ் கூடங்களில் ஆயிரக்கணக்கான டாலர் வைத்து விடிய விடிய ஆடுவார்கள் என்று படித்தேன். சீட்டாட்டம் என்றால் அதிர்ஷ்டம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இது கைத்திறமை. நன்றாக ஆடுகிறவன்தான் ஜெயிப்பான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே அவனோடு பந்தயம் கட்டுவது யார்? ஏமாளிகள்தானே?”

இல்லை. பெரிய பணம் புரளும் இடத்தில் ஏமாளி ரொம்பக் குறைவு. ஏமாளியின் பணம் ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே ஆட்கள் வந்து ஆடுகிறார்கள் என்றால் அங்கே வேறு ஏதோ கணக்கு ஓடுகிறது.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் படித்த காலத்தில், குடியிருந்த தெருவுக்குப் பின்னால் அப்படி ஒரு பழைய கூடம் இருந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். ஆடியதைவிட சுவரோரம் உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம். அங்கே யார் யாரைவிடப் பெரிய ஆட்டக்காரன் என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. எவ்வளவு பெரியவன் என்பதில்தான் சண்டை. பந்தயமும் அதன் மேல்தான்.

நைன் பால் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள். மேசையில் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 9-ஐ முறையாக பாக்கெட்டில் போடுகிறவருக்கு ஆட்டம். இப்போது பலசாலி எதிராளிக்கு 8-ஐக் கொடுப்பார். அதாவது பலசாலிக்கு 9 மட்டும்தான் வெற்றி. மற்றவருக்கு 8 விழுந்தாலும் வெற்றி, 9 விழுந்தாலும் வெற்றி. வித்தியாசம் இன்னும் அதிகம் என்றால் 7-ஐக் கொடுப்பார், 6-ஐக் கொடுப்பார். இதற்கு அங்கே ஸ்பாட் என்று பெயர். சிலர் எல்லா ஆட்டத்திலும் பிரேக்கை, அதாவது குவித்து வைத்த பந்துகளைக் கலைக்கும் முதல் அடியை, விட்டுக்கொடுப்பார்கள். 11 ஆட்டம் முதலில் எடுப்பவருக்குப் பணம் என்றால், எதிராளிக்கு 2 ஆட்டத்தை முன்கூட்டியே எழுதிவிடுவதும் உண்டு. மேசைக்கு மேலே கம்பியில் மணிகள் கோத்துத் தொங்கும். அதில் இரண்டு மணியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் முதல் அடியே விழும்.

சரியான ஸ்பாட் கொடுத்தால் உலகச் சாம்பியனும் உள்ளூர்க்காரரும் சமம். இந்தச் 'சரியான' என்பதில் யார் கொஞ்சம் கூடுதலாகக் கறந்தார்கள் என்பதுதான் மொத்தத் தொழிலும்.

மார்ச் 4, இரவு

மேலே எழுதியதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் 'கொஞ்சம் கூடுதல்' என்பதன் எடை புரியாது.

பெரிய பணத்துக்குப் பல நேரம் 'பத்து முன்னிலை' என்று ஆடுவார்கள். ஒருவர் மற்றவரைவிட 10 ஆட்டம் முன்னே போகும் வரை முடியாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் உங்களுக்கு 52 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் அது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். ஆனால் பத்து முன்னிலையில் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 69 சதவீதம். 55 சதவீதம் என்றால் 88.

ஆகவே 8-ஐக் கொடுக்க வேண்டிய இடத்தில் பிரேக்கை மட்டும் கொடுத்துத் தப்பித்தவன் பாதி பந்தயத்தைப் பேச்சிலேயே ஜெயித்துவிட்டான். இன்னொன்று: சரிசமமான இருவர் பத்து முன்னிலை ஆடினால் சராசரியாக 100 ஆட்டம் ஓடும். விடிய விடிய என்று சொல்வது மிகையில்லை.

மார்ச் 5

ஒருவர் கேட்கிறார்: 8-ஐக் கொடுத்தாயிற்று, பிரேக் அடிக்கும்போதே அது தற்செயலாக விழுந்தால்?

அதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும். எப்படி விழுந்தாலும் கணக்கு என்று சொல்லலாம், எந்தப் பாக்கெட் என்று சொல்லி அடித்தால்தான் கணக்கு என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே நிறையப் பணம் இருக்கிறது. நான் பார்த்த தகராறுகளில் பாதி இதைப் பேசாமல் ஆரம்பித்ததால் வந்தவை.

மார்ச் 7

நைன் பால் மட்டும் சொன்னால் பழைய ஆட்கள் கோபிப்பார்கள். அவர்களுக்கு உயிர் ஒன் பாக்கெட்.

15 பந்து. மேசையின் ஒரு முனையில் இருக்கும் இரண்டு மூலைப் பாக்கெட்டில் ஒன்று உங்களுக்கு, இன்னொன்று எனக்கு. மற்ற நான்கிலும் யார் போட்டாலும் பயனில்லை. தன் பாக்கெட்டில் முதலில் 8 பந்து சேர்ப்பவருக்கு ஆட்டம். கேட்க எளிது. ஆடும்போது சதுரங்கம்போல் நீளும், ஒரு பந்துகூட விழாமல் கால்மணி நேரம் போகும். பேரத்துக்கு இதைவிட வசதியான ஆட்டம் கிடையாது, ஏனென்றால் ஸ்பாட்டை ஒவ்வொரு பந்தாகச் சீவலாம். 9-7 என்றால் பலசாலிக்கு 9 பந்து வேண்டும், எதிராளிக்கு 7 போதும். 9-7 அதிகம், 8-7 குறைவு என்று இருவரும் முறைத்துக்கொண்டு நின்றால், 8-7-ஓடு பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தில் நல்ல பிரேக் என்பது பந்துகளை உங்கள் பாக்கெட் பக்கம் நகர்த்திவிட்டு வெள்ளையை எதிராளிக்கு உதவாத மூலையில் ஒளித்து வைப்பது. அதனால் பிரேக்கும் காசுதான்.

நான் பார்த்த ஒரு பேரம். உள்ளூரில் கூரை வேலை எடுத்துச் செய்யும் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், எப்போதும் தார் கறை பட்ட பூட்ஸ். இன்னொருவர் வெளியூர், நெட்டை, கியூ (பந்தை அடிக்கும் கோல்) பெட்டியைத் திறக்கவே இல்லை. நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, இங்கே அதற்கு நேர்மாறு. கூடமே கேட்கும்படி சத்தமாகப் பேசினார்கள். நெட்டையர் 9-7 என்றார். கூரைக்காரர் சிரித்துவிட்டு 10-6 கேட்டார். “போன வருஷம் இன்னாரோடு 9-7 ஆடி ஜெயித்தாயே” என்றார் நெட்டையர். “அவருக்கு அப்போது கண் அறுவை முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை” என்றார் இவர். சுவரோரம் இருந்தவர்கள் சாட்சிக்கு வந்தார்கள். யார் யாரோடு எந்த ஊரில் என்ன ஸ்பாட்டில் ஆடி எவ்வளவு தோற்றார் என்று இருபது வருஷக் கணக்கு வாயிலேயே வந்தது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளை எடுத்துக் காட்டுவதுகூட அவ்வளவு சரளமாக இருக்காது.

கடைசியில் 9-6, பிரேக் மாறி மாறி, ஆட்டத்துக்கு 300 டாலர், மேசை வாடகை தோற்றவர் தலையில். இதை முடிக்க எடுத்த நேரத்தில் ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்திருக்கலாம். ஆனால் பேச்சு முடிந்த கணமே சுவரோரம் இருந்தவர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் நெட்டையர் பக்கம். ஆட்டம் முடிந்துபோன மாதிரிதான் எல்லார் முகமும் இருந்தது. முடிந்தும்தான் இருந்தது. ராத்திரி முழுக்க நெட்டையர் ஏழெட்டு ஆட்டம் முன்னே இருந்தார், ஒரு தடவைகூட வேர்க்கவில்லை.

மார்ச் 8

“பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் தெரியாதவன்போல நடித்து, நாலு ஆட்டம் தோற்றுக் காட்டி, பந்தயத்தை ஏற்றி அடிப்பானே, அதைப் பற்றி ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அது சின்னப் பணத்து வேலை. மதுக்கடை மூலையில் கிடக்கும் சின்ன மேசையில், 20 டாலருக்கு, யாரென்றே தெரியாத ஊரில் நடக்கும். ஆயிரக்கணக்கில் பணம் உள்ளவன் உங்களை முன்பின் தெரியாமல் மேசைக்கு வர மாட்டான். நாலு தொலைபேசி அழைப்பு போதும், உங்கள் ஜாதகம் வந்துவிடும்.

தெரியாத முகத்தோடு வந்து பெரிய அளவில் சாதித்தவர் என்றால் எஃப்ரன் ரேயஸைச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர். 1985-ல் சீசர் மொராலெஸ் என்ற பெயரில் டெக்சாஸின் ஹியூஸ்டன் நகருக்கு வந்து, ரெட்ஸ் கூடத்தில் நடந்த போட்டியை ஜெயித்தார். அமெரிக்கர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பயணத்தில் அவர் எவ்வளவு அள்ளினார் என்பதற்கு ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். ஆனால் அந்த வித்தை ஒருமுறைதான் செல்லும். அதற்கு அப்புறம் அவர் முகம் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது, எங்கே போனாலும் பெரும்பாலும் ஸ்பாட் கொடுத்துத்தான் ஆட வேண்டியிருந்தது.

நடிப்பு பெரிய பணத்திலும் உண்டு. அது வேறு விதம். நன்றாக ஆடத் தெரியாதவன்போல நடிப்பதில்லை, தேவையான அளவுக்கு மேல் நன்றாக ஆடிக் காட்டுவதில்லை. 10-3 என்று ஜெயிக்க முடிந்தாலும் 10-8 என்று ஜெயிப்பார்கள். அடுத்த முறை பேரத்தில் எதிராளி அதிக ஸ்பாட் கேட்கக் கூடாதே.

மார்ச் 11

பணம் யாருடையது? இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஆடுகிறவன் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் ஆடுவதில்லை. பின்னால் ஒருவர் இருப்பார், அவர்தான் முதல் போடுகிறவர். பழைய கார் விற்பவர், பண்ணைக்காரர், கட்டடக் குத்தகைக்காரர், இப்படி. தோற்றால் நஷ்டம் முழுக்க அவருக்கு. ஜெயித்தால் லாபத்தில் பாதி அவருக்கு, பாதி ஆடியவனுக்கு. பங்கு ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பாதிக்குப் பாதி என்பதுதான் அடிக்கடி கேட்டது.

தோற்றால் ஒன்றும் போகாது என்றால் ஆடுகிறவன் ஜாலியாக ஆடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்ப்பேன், அப்புறம் அவர்கள் முகம் ஞாபகம் வரும். சொந்தப் பணம் 200 டாலரைத் தோற்றால் 200 டாலரோடு போயிற்று. முதலாளியின் 5,000 டாலரைத் தோற்றால் அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். முதல் போட ஆள் இல்லாத ஆட்டக்காரன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சுவரோரம் உட்கார வேண்டியதுதான். அங்கே அப்படி உட்கார்ந்திருந்த சிலருடைய அடி, மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்களுடையதைவிடச் சுத்தமானது. அதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் மனசு ஒப்பாது.

மார்ச் 12

சரி, அந்தக் கூடத்தில் நான் பார்த்த ஒரு நீண்ட ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன்.

நைன் பால், பத்து முன்னிலை, 5,000 டாலர். உள்ளூர்ப் பையன், இருபத்தைந்துக்கு மேல் இருக்காது, 7-ஐ வாங்கியிருந்தான். எதிரே வந்தவர் பல மாநிலம் சுற்றி ஆடுகிறவர், நரைத்த குறுந்தாடி. இரண்டு பக்கத்துப் பணமும் ஒரே பழுப்பு உறையில் போய், கூடத்துக்காரர் நாற்காலி போட்டு ஏறி, மேசை விளக்கின் தகர மூடிக்கு மேலே வைத்தார். பழைய கூடங்களில் வங்கி அதுதான். எல்லார் கண்ணுக்கும் எதிரே, யார் கைக்கும் எட்டாமல், மேசையில் வெளிச்சம் விழும் இடத்துக்கு நேர் மேலே. அதன்பிறகு கூடத்துக்காரர் மேசையை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஒரே திசையில் தூரிகை போட்டார், பந்துகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியில் துடைத்தார். யாரும் பேசவில்லை.

நடு ராத்திரி தாண்டியபோது தாடிக்காரர் 8 ஆட்டம் முன்னே. இன்னும் இரண்டு எடுத்தால் உறை அவருக்கு. பையனுக்கு முதல் போட்டிருந்தவர் எழுந்து வெளியே புகைக்கப் போய்விட்டார். நான் கிளம்பியிருப்பேன், பேருந்து இல்லாததால் இருந்தேன்.

அப்போது ஒரு ஆட்டம். மேசையில் 3 தான் சின்ன எண். பையனின் வெற்றிப் பந்து 7, மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. 3-ஐ அடித்து அந்த 3 போய் 7-ஐத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் வெள்ளை தூரத்தில், 3-க்கும் 7-க்கும் நடுவே இரண்டு அடிக்கு மேல் இடைவெளி. பாதி நேரம் விழும், பாதி நேரம் விழாது. சுவரோரம் இருந்த எல்லாரும் அவன் அடிப்பான் என்றே நினைத்தார்கள், எட்டு ஆட்டம் பின்னால் இருப்பவன் பொதுவாக அடித்துத்தான் பார்ப்பான். அவன் சாக்பீஸை எடுத்துக் கியூ முனையில் தடவினான். குனிந்தான். எழுந்தான். மறுபடி மேசையைச் சுற்றிவந்து, 3-ஐ மெல்லத் தொட்டு 8-க்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வெள்ளையை மறுமுனைக் கரைக்கு உருட்டிவிட்டான். 7 அதே இடத்தில். தாடிக்காரருக்கு 3 கண்ணில் படவில்லை. கரையில் அடித்துத் திருப்பிப் பார்த்தார், ஒரு விரல் அகலத்தில் தவறியது. தவறினால் எதிராளி வெள்ளையைக் கையால் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பையன் 3-க்குப் பின்னால் ஒரு ஜாண் தூரத்தில் வைத்தான். 3, 7, டப்.

அந்த ஓர் ஆட்டத்தில் 7-இன் விலை கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. தாடிக்காரர் 7-ஐக் கொடுத்தபோது, இவன் அதை அவசரப்பட்டு அடித்துத் தவறுவான் என்ற கணக்கில் கொடுத்திருக்கிறார். அவசரப்படாதவனுக்கு 7 கொடுத்தால் அது மேசையில் எப்போதும் நிற்கிற மிரட்டல். அதற்கப்புறம் தாடிக்காரர் 7 பாக்கெட் பக்கம் போகாதபடி காக்கவே பாதி அடிகளைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. ஜன்னலில் வெளிச்சம் வந்தபோது கணக்கு சமம். அதிலிருந்து பத்து முன்னிலைக்கு மதியம் ஆயிற்று, உறை பையன் பக்கம் போனது.

மார்ச் 12, பின்னிரவு

முன்பு நெட்டையர் ஆட்டத்தைப் பற்றி 'பேச்சிலேயே முடிந்துபோயிற்று' என்று எழுதினேன். இந்த ராத்திரியும் அதேதான். பார்க்க வீரம்போல இருக்கும். ஆனால் 7-ஐக் கொடுத்த நிமிஷமே அந்த 5,000 டாலர் பையன் பக்கம் சாய்ந்துவிட்டது. அது வெளியே தெரிய இத்தனை மணி நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் அவன் குனிந்து எழுந்த அந்த இடத்தைப் பேரத்தில் சேர்க்க முடியாது. ஸ்பாட் என்பது வாய்ப்பு. அதை எடுத்துக்கொள்ள அந்த நேரத்தில் அந்தக் கை வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

மார்ச் 15

பழைய ஊர்களைப் பற்றிக் கேட்டவருக்கு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக். கடற்படைத் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கையில் சம்பளத்தோடு ஆயிரக்கணக்கான ஆண்கள், வேறு பொழுதுபோக்கு இல்லை. நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே குவிந்தார்கள். லூதர் லாசிட்டர், விம்பி என்று பட்டப்பெயர், அங்கேதான் பெரிய பணம் பார்த்தார்.

அடுத்தது இல்லினாய் மாநிலத்தின் தெற்கே ஜான்ஸ்டன் சிட்டி. பெயரில்தான் சிட்டி, சின்ன ஊர். ஜார்ஜ் ஜான்ஸ்கோ, பாலி ஜான்ஸ்கோ என்ற சகோதரர்கள் 1961-ல் அங்கே போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். முதல் ஆண்டு ஒன் பாக்கெட் மட்டும், அப்புறம் நைன் பாலும், எந்தப் பந்தையும் சொல்லிப் போட்டு எண்ணிக்கை சேர்க்கும் ஸ்ட்ரெய்ட் ஆட்டமும் சேர்ந்தன. முன்னறையில் கோட்டு சூட்டு போட்டுப் போட்டி, பின்னறையில் பணத்துக்கு ஆட்டம். வந்தவர்களில் பலருக்குப் பின்னறைதான் காரணம். பரிசுத் தொகை சிலருக்குத்தான் கிடைக்கும், பின்னறையில் தோற்றுப்போனவனும் ஸ்பாட் பேசிப் பிழைத்துக்கொள்ளலாம். 1972-ல் மத்திய அரசு அதிகாரிகள் புகுந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்தார்கள். அதோடு அந்தப் போட்டி நின்றது.

மார்ச் 16

மேலே விட்டுப்போன ஒருவர்: ருடால்ஃப் வான்டரோன். 1961-ல் வந்த ஒரு திரைப்படத்தின் குண்டுக் கதாபாத்திரம் தான்தான் என்று சொல்லி மினசோட்டா ஃபேட்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஜான்ஸ்டன் சிட்டிக்குப் பக்கத்தில் டவல் என்ற ஊரில்தான் குடியிருந்தார். பெரிய பட்டம் எதையும் வென்றதில்லை.

வில்லி மொஸ்கோனி அதற்கு எதிர்முனை. 1941-க்கும் 1957-க்கும் இடையே 15 முறை உலகச் சாம்பியன். 1954-ல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்ட்ரெய்ட் ஆட்டத்தில் ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ந்து 526 போட்டார். 1978-ல் இருவரையும் தொலைக்காட்சியில் மோதவிட்டார்கள். மொஸ்கோனி ஜெயித்தார். அதை வைத்து ஃபேட்ஸ் வெறும் வாய் என்று பலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரிசமமாக ஆடியதால் அவர் தோற்றார். சரிசமமாக ஆடுவது அவருடைய தொழிலே இல்லை. எதிராளி ஒத்துக்கொள்ளக் கூடிய, ஆனால் ஒத்துக்கொள்ளக் கூடாத ஆட்டத்தைப் பேசிப் பிடிப்பதுதான் அவர் தொழில். நாற்பது வருஷத்துக்கு மேல் அதில் சாப்பிட்டவரை வாய் என்று தள்ள முடியாது.

மார்ச் 19

மோசடி பற்றி. ஆமாம், உண்டு.

பெரியது, வேண்டுமென்றே தோற்பது. ஆடுகிற இருவரும் முன்பே பேசிக்கொள்வார்கள், அல்லது ஒருவன் மட்டும் தன் முதலாளியை விற்பான். அவனுடைய ஆள் சுவரோரத்தில் நின்று எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டுவான். பார்க்கிறவர்கள் பந்து தவறுகிறதா என்று கவனிப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. கெட்டிக்காரன் பந்தைத் தவறவிட மாட்டான். 5-ஐ அழகாகப் போடுவான், வெள்ளை மட்டும் ஒரு சாண் கூடுதலாக ஓடிப் போய் 6-க்குக் கஷ்டமான கோணத்தில் நிற்கும். அடுத்த அடி நிஜமாகவே கஷ்டம். நிஜமாகவே தவறும். யாரும் குற்றம் சொல்ல முடியாது. கூடத்தின் வயசான ஆட்கள் அதனால் மேசையைப் பார்க்க மாட்டார்கள். யார் எந்தப் பக்கம் திடீரென்று நிறையப் பணம் கட்டுகிறார்கள் என்று சுவரோரத்தைப் பார்ப்பார்கள்.

சின்னது, தொந்தரவு செய்வது. எதிராளி குனியும்போது நேர் எதிரே நிற்பது, சரியாக அந்த நேரத்தில் பானத்தில் பனிக்கட்டியைக் குலுக்குவது, “இந்த மாதிரி அடியெல்லாம் நீ தவறுவதே இல்லையே” என்று பாராட்டுவது. கடைசியாகச் சொன்னது மோசமானது. அதற்கப்புறம் கை தானாக யோசிக்க ஆரம்பித்துவிடும்.

மார்ச் 22

மேசையும் பேரத்தில் சேரும். ஒன்பது அடி மேசையில் ஆடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50. பந்தின் விட்டம் 2¼ அங்குலம். பாக்கெட் வாய் 4½ அங்குலம் என்றால் இரண்டு பந்து ஒட்டி நிற்கும் அகலம். பந்தய மேசைகளில் அதைச் சுருக்கிவிடுவார்கள். பாக்கெட் சுருங்கினால் பந்தை நேராகப் போடுகிறவனுக்கு லாபம், குருட்டாம்போக்கில் விழுவது குறையும். எனவே ஸ்பாட் வாங்குகிறவன் அகலமான பாக்கெட்டைக் கேட்பான், கொடுக்கிறவன் 'உன் இஷ்டம்' என்று சொல்லிக்கொண்டே இறுகலான மேசைப் பக்கம் நடப்பான்.

அங்கே மூன்றாம் மேசையில் மெதுவாக உருட்டினால் பந்து கடைசி ஓரடித் தூரத்தில் இடது கரைப் பக்கம் சாயும். உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மழை நாளில் துணி ஈரத்தை வாங்கிக் கனத்து, பந்து மெதுவாகும், கரையில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். வெளியூர் ஆட்டக்காரர்கள் மழை நாளில் பெரிய பந்தயத்தை ஒத்திப்போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 30

“இப்போதும் நடக்கிறதா?” நடக்கிறது. 1999 முதல் அமெரிக்காவில் நடக்கும் டெர்பி சிட்டி கிளாசிக் என்ற பில்லியர்ட்ஸ் போட்டித் தொடரில், போட்டி முடிந்த ராத்திரிகளில் மேசைகளைச் சுற்றிக் கூட்டம் கூடும். வெளிச்சத்திலும் நடந்திருக்கிறது: 1996-ல் ஹாங்காங்கில் ரேயஸும் அமெரிக்கர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் 120 ஆட்டம் முதலில் எடுப்பவருக்கு 100,000 டாலர் என்று ஆடினார்கள். ரேயஸ் பெரிய இடைவெளியில் பின்தங்கி, எட்டிப் பிடித்து, 120-117 என்று எடுத்தார். ஸ்பாட் கிடையாது, ஏனென்றால் அந்த இருவருக்குள் கொடுக்க ஒன்றுமில்லை.

இதையெல்லாம் இவ்வளவு ஆசையாக எழுதுகிறாயே, உனக்கு அந்தக் கூடத்தில் நடந்த கெட்டது எதுவும் கண்ணில் படவில்லையா என்று ஒருவர் கேட்டார். பட்டது. தச்சு வேலை செய்யும் ஒருவர் வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு வருவார். மேலே சொன்ன பேரம் எதுவும் அவருக்குத் தெரியாது, யாரோடும் சரிசமமாக ஆடுவார், ஸ்பாட் கேட்டால் மானக்கேடு என்று நினைத்தார். ஒரு வெள்ளி அவர் கியூவையே 150 டாலருக்கு விற்றார், அதையும் அதே மேசையில் வைத்தார். வாங்கியவன் அவர் ஆடி முடிக்கும் வரை அதே கியூவை அவருக்குக் கொடுத்தான். நான் எழுந்துபோய் ஏதாவது சொல்லியிருக்க முடியுமா என்று யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் மூன்றாவது ஆள் வாய் திறக்க வழியில்லை. முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் 'ஏமாளி' என்றாரே, எனக்கு அந்தச் சொல் பிடிக்காமல் போனது இவரை நினைத்துத்தான். அவர் நன்றாகவே ஆடுவார். கேட்கத் தெரியாதவர்.

ஏப்ரல் 2

கடைசியாக ஒருவர் கேட்டது: நண்பரோடு சரிசமமாக ஆடினால் 10-க்கு 3 தான் ஜெயிக்கிறாராம். நண்பர் 8-ஐத் தருகிறேன், கொஞ்சம் பணம் வைத்து 7 ஆட்டத்துக்கு ஆடலாம் என்கிறாராம். ஏற்கலாமா?

வேண்டாம். 8-இன் பலன் ஆட்டத்தின் கடைசியில்தான் தெரியும். அது வரை மேசையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அது பணம். உங்கள் நிலையில் ஆட்டமாகக் கேளுங்கள். 30 சதவீத வாய்ப்பு என்று வைத்தால்: 7-க்கு 2 ஆட்டம் முன்கூட்டியே கிடைத்தாலும் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 21 சதவீதம்தான். 3 கிடைத்தால் 35. 4 கிடைத்தால் 54, அங்கேதான் தட்டு உங்கள் பக்கம் சாய்கிறது.

நான்கு கேளுங்கள். நண்பர் சிரிப்பார், மூன்று என்பார். மூன்றுக்கு ஒத்துக்கொள்ளாமல், மேசை வாடகையை மட்டும் ஆளுக்குப் பாதி போட்டு ஆடுங்கள். பிரேக்கையும் சேர்த்துத் தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தால் இங்கே எழுதுங்கள், பிரேக் அடித்து நீங்கள் சராசரியாக எத்தனை பந்து போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து. அது தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது.